எங்கள் வக்கீலின் இரண்டு வாக்குகள்

வேலை செய்யக் கூடாது என்று முத்திரை குத்திய விசாவோடு நான் நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்தேன். என் கணவருக்கு வேலை செய்யும் விசா. எனக்கு அவரைச் சார்ந்திருக்கும் விசா. சரித்திரத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, ஈரோட்டுப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆறு வருஷம் தொண்டை வறளப் பாடம் நடத்தியவளை ஒரு தேசமே கூடி ஓய்வெடுக்கச் சொன்னது. இந்த மரியாதை என் பிறந்த வீட்டிலும் கிடைத்ததில்லை, புகுந்த வீட்டிலும் கிடைத்ததில்லை.

பிஸ்கட்டவேயில் இரண்டாம் மாடி அபார்ட்மெண்ட். கணவர் விடிந்ததும் ரயிலேறி ஜெர்சி சிட்டிக்குப் போய்விடுவார். அங்கே ஒரு வங்கியின் கம்ப்யூட்டர்கள் இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் பைத்தியம் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. மகள் மூன்றாம் வகுப்பு; மஞ்சள் பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு எனக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் மட்டும்தான் பேச்சுவார்த்தை. அதுவாவது அவ்வப்போது உறுமும்.

ஆறு மாதம் பொறுத்தேன். ஒருநாள் நூலக அறிவிப்புப் பலகையில், பக்கத்து ஊரில் இருந்த ஒரு பழைய வீட்டுக்கு வாலண்டியர்கள் தேவை என்று ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு வக்கீலின் வீடு. வக்கீல், பிறகு அரசியல்வாதி. அந்த ஊரின் ஒரே பெரிய மனிதர். அவர் வாழ்ந்த வீட்டை ஒரு சிறிய சங்கம் மியூசியமாக நடத்திவந்தது. சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத வேலைக்கு விசா தடையில்லை என்று எங்கள் விசாவைக் கவனிக்கும் ஆபீஸில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அமெரிக்கச் சட்டம் இந்த விஷயத்தில் மட்டும் பெண்களிடம் தாராளமாக இருந்தது.

சங்கத்தின் தலைவி அந்த வக்கீலின் கொள்ளுப்பேத்தி. கொள்ளுப்பேத்தி என்றதும் பாவாடை சட்டை போட்ட சிறுமியை நினைத்துவிட வேண்டாம். எழுபத்தைந்து வயது, வெள்ளி முடி, கழுத்தில் முத்துமாலை, விறைப்பான நடை. என்னை வரவேற்பறையில் உட்காரவைத்து விசாரித்தார். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்; என் தமிழில் சொல்கிறேன்.

"பழைய பொருள்களோடு உங்களுக்குப் பழக்கம் உண்டா?"

"எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் ஆயிரம் வருஷத்துக் கோயில் மதிலை ஒட்டித்தான் இருக்கிறது" என்றேன்.

"நல்லது. இந்த வீடும் மிகப் பழையது. நூற்றைம்பது வருஷம் ஆகிறது" என்றார் அவர், நான் பயந்துவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக. "உங்கள் ஆங்கிலம் பிரமாதமாக இருக்கிறது."

"உங்களுடையதும்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேலை கிடைத்துவிட்டது.

நான் மனப்பாடம் செய்யவேண்டியது நாலு பக்கம். அதில் வக்கீலின் வாழ்க்கை முழுவதும் டைப் செய்யப்பட்டிருந்தது. படிக்கப் படிக்க எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. தென்னை மரத்தாலோ ஆற்றாலோ வந்த ஞாபகம் இல்லை, இந்த மனிதரால் வந்தது. இவரை எனக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் தாலுகாவில் இப்படி மூன்று பேர் இருந்தார்கள்.

ஏழை விவசாயியின் மகனாகப் பிறந்தார் என்று முதல் வரி. ஏழையின் நிலத்தைச் சுற்றிவர அரைநாள் ஆகுமாம். அது மூன்றாவது வரி. காலையில் பால் கறந்துவிட்டு, நாலு மைல் நடந்து, ஒரு மூத்த வக்கீலிடம் சட்டம் படித்தார். அந்தக் காலத்தில் சட்டக் கல்லூரிக்குப் போகவேண்டியதில்லை. வக்கீலின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை எழுதினால் போதும். இவர் எழுதியது மட்டுமல்லாமல் மூத்தவரின் மகளையும் கல்யாணம் செய்துகொண்டார். தொழிலில் அது ஒரு குறுக்குவழி. எந்த நாட்டுச் சட்டமும் அதைத் தடுத்ததில்லை.

முதல் வழக்கு ஒரு பசுமாட்டைப் பற்றியது. ஜெயித்தார். பிறகு விவசாயிகளின் நிலத்தை விழுங்க வந்த ரயில் கம்பெனிக்கு எதிராக ஐந்து வருஷம் முழங்கினார். அவர் வாதத்திறமையைக் கண்டு ரயில் கம்பெனியே மயங்கி அவரைத் தன் வக்கீலாக வைத்துக்கொண்டது. எதிரியின் மனத்தையும் வென்றவர் என்று அந்த நாலு பக்கத்தில் எழுதியிருந்தது. பிறகு மாநிலச் சட்டசபை. பிறகு வாஷிங்டனில் ஒரே ஒரு தவணை காங்கிரஸ் உறுப்பினர். அங்கே இரண்டு முறை பேசியிருக்கிறார், அதில் ஒன்று துறைமுக விளக்கு பற்றி. மூன்று கட்சிகளில் இருந்திருக்கிறார். கட்சி மாறினார் என்று தாளில் இல்லை. கட்சிகள் தம் கொள்கையிலிருந்து விலகியபோது அவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார் என்று இருந்தது. கவர்னர் பதவிக்கு நின்று தோற்றார். கடைசியாக மாநில செனட்டில் உட்கார்ந்து, உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அந்த வரி மட்டும் தடித்த எழுத்தில். கூடத்தில் தொங்கிய அவர் படத்துக்குக் கீழேயும் அதே வரி பித்தளையில்.

புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் டூர். பெரும்பாலும் கூட்டம் இருக்காது. வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, அந்தக் காலத்தில் கழிப்பறை எங்கே இருந்தது என்பது. இரண்டாவது கேள்வி, இப்போது எங்கே இருக்கிறது என்பது. நான் அங்கே இருப்பது தெரிந்ததும் நம் ஆட்களும் வர ஆரம்பித்தார்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு. மால், நீர்வீழ்ச்சி, சுதந்திர தேவி எல்லாம் காட்டித் தீர்ந்த பிறகு மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் வக்கீல் உதவினார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு அங்கிள், ஓய்வுபெற்ற என்ஜினியர், நான் சொல்வதைக் கைகட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். காங்கிரஸ் உறுப்பினர் என்றதும் நின்றுவிட்டார்.

"ஏம்மா, அந்தக் காலத்துலயே இங்க காங்கிரஸ் இருந்துதுங்களா?"

"இது வேற காங்கிரஸ்ங்க அங்கிள். பார்லிமெண்ட்டு மாதிரி."

"அப்ப ஆளு எந்தக் கட்சி?"

"மூணு கட்சிங்க."

"அப்ப நம்ம காங்கிரஸேதான்" என்று திருப்தியோடு அடுத்த அறைக்கு நடந்தார்.

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. ஒரு குளிர்காலத்தில் கொள்ளுப்பேத்தி என்னைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே ஏழு அட்டைப்பெட்டிகள். வக்கீலின் கடிதங்கள், பேச்சுக் குறிப்புகள், வழக்குக் கட்டுகள். இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும் என்று கமிட்டி தீர்மானித்திருக்கிறதாம்.

"உங்கள் கணவர் கம்ப்யூட்டர்காரர்தானே? உங்கள் ஆட்களுக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது."

என் ரத்தத்தில் இருந்தது சர்க்கரை மட்டும்தான், அதுவும் பரம்பரை. ஆனாலும் தலையாட்டினேன். கணவர் ஆபீஸில் தூக்கிப்போட இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்து, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

வக்கீலின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. கமிட்டியில் பாதிப் பேர் முயன்று கைவிட்டிருக்கிறார்கள். எனக்கு மூன்றாம் நாள் பழகிவிட்டது. என் அப்பா எங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. வக்கீல் அவசரத்தில் கிறுக்கிக் கொடுப்பதை அழகாகப் படியெடுக்கும் வேலை. லீவு நாள்களில் அந்தக் கட்டுகளை அவருக்குப் படித்துச் சொன்னது நான்தான். எல்லா வக்கீல்களும் ஒரே மாதிரிதான் கிறுக்குகிறார்கள். தங்களுக்குச் சாதகமான வரியைத் தெளிவாகவும் பாதகமான வரியை அவசரமாகவும் எழுதுவார்கள். ஆகவே புரியாத இடம் வந்தால் அங்கேதான் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வேன்.

நாலாவது பெட்டியில் ஒரு நீண்ட பேச்சு கிடைத்தது. அடிமை ஒழிப்புத் திருத்தம் பற்றி செனட்டில் பேச எழுதியது. சுதந்திரம் என்பது ஆண்டவன் மனிதனுக்குக் கொடுத்த மூச்சு என்று தொடங்கியது. கண் கலங்கத் தயாராகிப் பக்கத்தைப் புரட்டினால், அந்த மூச்சை அந்தந்த மாநிலம்தான் தன் விருப்பப்படி விடவேண்டும், வாஷிங்டன் மூக்கை நுழைக்கக் கூடாது, ஆகையால் நான் எதிர்த்து வாக்களிக்கிறேன் என்று முடிந்தது.

இந்த மாதிரித் திருத்தங்களுக்கு மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். நியூ ஜெர்சி அதை முதலில் நிராகரித்து, அடுத்த வருஷம்தான் ஏற்றுக்கொண்டது. அது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும். வக்கீல் இரண்டு முறையும் செனட்டில் இருந்தார் என்பதுதான் தெரியாது. முதல் முறை எதிர்த்திருக்கிறார். அடுத்த முறைக்கான பேச்சும் அதே பெட்டியில் இருந்தது. அதே மூச்சு. முதல் ஒன்றரைப் பக்கத்தில் ஒரு சொல் மாறவில்லை. சிக்கனமான மனிதர், நல்ல வரியை வீணாக்கவில்லை. முடிவு மட்டும் ஆதரவு. இதுதான் பித்தளையில் ஏறிய வாக்கு.

இதைக் கண்டு நான் அதிர்ச்சியடைந்தேன் என்று சொன்னால் பொய். அரசியல்வாதி ஒரு வருஷத்தில் மனம் மாறுவது பெரிய ஆச்சரியமா? எங்கள் ஊரில் ஒரே மேடையில் மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னை நிறுத்தியது ஐந்தாவது பெட்டி.

அது அவர் தம்பிக்கு எழுதிய கடிதம். போருக்குப் பல வருஷம் முன்னால் எழுதியது. தம்பி ஏதோ கேட்டிருக்கிறார், பெரிய பதவிக்கு ஆசைப்படும் அண்ணன் இன்னும் வீட்டில் அடிமை வைத்திருப்பது நன்றாகவா இருக்கிறது என்பதுபோல. அண்ணன் பதில் எழுதுகிறார். என் வீட்டில் அடிமை யாரும் இல்லை. சமையலறையில் இருப்பவள் சட்டப்படி அப்ரண்டிஸ். வயது ஐம்பத்திரண்டு. நல்ல தேகம். இன்னும் பல வருஷம் உழைப்பாள்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நியூ ஜெர்சி போருக்கு முன்பே அடிமை முறையை ஒழித்துவிட்டது. ஒழித்த விதம்தான் அழகு. அடிமை என்ற சொல்லை அடித்துவிட்டு ஆயுள்கால அப்ரண்டிஸ் என்று எழுதிக்கொண்டார்கள். தொழில் பழகும் ஆள் என்று அர்த்தம். ஆள் அதே, அடுப்பு அதே, எஜமான் அதே. எங்கள் ஊர் மில்லில் மூன்று வருஷம் ஆனால் அப்ரண்டிஸை எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். இந்த அம்மாள் ஐம்பத்திரண்டு வயதிலும் சமையல் பழகிக்கொண்டிருந்தாள், சாகும்வரை பாஸாக வழியில்லாமல்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஒற்றைப் பெயர், குடும்பப் பெயர் கிடையாது. இந்தக் கட்டுரையில் யார் பெயரையும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டிருப்பதால் அதையும் எழுதவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் குளிரில் உட்கார்ந்து அதை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாலு பக்கத்தில் அவள் இல்லை. சமையலறையைக் காட்டும்போது நான் ஒரு வருஷமாக ஒப்பித்த வரி, குடும்பத்தின் விசுவாசமான உதவியாளர் இங்கே சமைத்தார் என்பது. சிரித்த முகத்தோடு ஒப்பித்திருக்கிறேன்.

பிறகு மற்ற பெட்டிகளில் அவளைத் தேடினேன். ஒரே இடத்தில் அகப்பட்டாள். வக்கீலின் மனைவி தன் தங்கைக்கு எழுதியது. குளிர்காலத்தில் அந்தக் கிழவி இறந்துபோனதிலிருந்து புதிதாக வந்த அயர்லாந்துப் பெண் ரொட்டியைத் தீய்க்கிறாள், அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்று. தேதியைப் பார்த்தேன். முதல் வாக்குக்கும் இரண்டாவது வாக்குக்கும் நடுவில். அவள் அடுப்படியில் இருந்தவரை வக்கீல் எதிர்த்தார். அவள் செத்த பிறகு ஆதரித்தார். இழப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது கொள்கை எவ்வளவு பலமாகிவிடுகிறது.

அன்று மாலை வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். கணவர் ரசத்தைக் கீழே வைத்தார்.

"இதையெல்லாம் நீ எதுக்கு நோண்டீட்டு இருக்கற? டைப் பண்ணச் சொன்னா டைப் பண்ணு."

"டைப் பண்ணத்தானுங்க படிச்சேன்."

"நாம கிரீன் கார்டு அப்ளை பண்ணீருக்கறோம். இந்த ஊர்ப் பெரிய மனுசனப் பத்தி நீ ஏதாச்சும் சொல்லி, அவங்க எங்கியாச்சும் எழுதிப்போட்டா?"

"செத்து நூறு வருசம் ஆச்சுங்க அந்தாளு. அவுரு வந்து நம்ம ஃபைல நிறுத்தப் போறாருங்களா?"

"கொள்ளுப்பேத்தி உயிரோடதான் இருக்குது" என்றார் கணவர். அவர் பயத்தில் எப்போதும் ஒரு தர்க்கம் இருக்கும்.

மகள் தட்டில் தயிர்சாதத்தால் ஒரு மலை கட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசும் தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

"ஸோ ஹி வோட்டட் நோ, அண்ட் த சைன் ஸேஸ் யெஸ்?"

"ரெண்டும்தாண்டா கண்ணு. முதல்ல நோ, அப்புறம் யெஸ்."

"தட்ஸ் நாட் ஃபேர்" என்று மலையின் உச்சியைக் கடித்தாள்.

அடுத்த புதன்கிழமை கடிதத்தையும் நான் டைப் செய்த தாளையும் கொள்ளுப்பேத்தியிடம் கொடுத்தேன். அவர் தேநீர் போட்டார். இங்கே அசௌகரியமான எதையும் தேநீர் இல்லாமல் பேசமாட்டார்கள். தாளைப் படித்தார், மடித்தார்.

"அந்தக் காலத்தை அந்தக் காலத்துக் கண்ணோடு பார்க்கவேண்டும்" என்றார்.

"பார்த்தேன். அவர் தம்பி அந்தக் காலத்துக் கண்ணோடுதான் கேட்டிருக்கிறார்."

"அவளைக் குடும்பத்தில் ஒருத்தியாகத்தான் நடத்தினார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்."

"குடும்பத்தார் எல்லோருக்கும் சர்ச் பின்னால் கல்லறை இருக்கிறதே. அவளுடையது எது?"

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார். நேராக வைக்கவில்லை, சத்தம் கேட்டது. கமிட்டியிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். அதுவரை ஐந்தாவது பெட்டியைத் தொடவேண்டாம்.

கமிட்டி இரண்டு வாரத்தில் கூடி, இது மேலும் ஆராயப்பட வேண்டிய விஷயம் என்று முடிவு செய்தது. யார் ஆராய்வது என்று முடிவு செய்யவில்லை. எனக்கு இதில் வருத்தமில்லை. எங்கள் கோயில் கமிட்டியில் செருப்பு ஸ்டாண்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதை இரண்டு வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கமிட்டி என்பது உலகம் முழுக்க ஒரே ஜாதி.

வசந்தம் வந்தது. நாலாம் வகுப்பில் மாநில வரலாறு பாடம். என் மகளின் வகுப்பே மஞ்சள் பஸ்ஸில் எங்கள் வக்கீல் வீட்டுக்கு வந்து இறங்கியது. அன்றைக்கு வேறு வாலண்டியர் இல்லை. நான்தான் டூர். மகள் முந்தின நாளே என்னிடம் கெஞ்சியிருந்தாள், புடவை கட்டாதே, என்னைப் பார்த்துச் சிரிக்காதே, தமிழில் கூப்பிடாதே என்று. மூன்றையும் ஒப்புக்கொண்டிருந்தேன்.

கூடம் முடிந்தது, படிப்பறை முடிந்தது. பசுமாட்டு வழக்குக்குச் சிரித்தார்கள். சமையலறைக்கு வந்தோம். பெரிய கணப்பு, தொங்கும் இரும்புச் சட்டி, கல் தொட்டி. நான் என் வரியை ஒப்பிக்க வாயைத் திறக்கும்போது, முன்னால் நின்ற பல் விழுந்த ஒரு சிறுமி கேட்டாள்.

"இங்கே யார் சமைத்தது? அவர் மனைவியா?"

கொள்ளுப்பேத்தி வாசலில் நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடக் குழந்தைகள் வந்தால் எப்போதும் வந்து நிற்பார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்தார். வீரம் என்று எதுவும் எனக்கு வரவில்லை. கிரீன் கார்டு ஞாபகம்தான் வந்தது. ஆனால் அந்த விசுவாசமான உதவியாளர் என்ற சொல்லை இன்னொரு முறை ஒப்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

"இல்லை" என்றேன். அவள் பெயரைச் சொன்னேன். "அவள்தான் சமைத்தாள். சட்டம் அவளை அப்ரண்டிஸ் என்று சொன்னது. அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளால் இந்த வீட்டை விட்டுப் போக முடியாது."

"ஐம்பத்திரண்டு வயதில் என்ன கற்றுக்கொண்டிருந்தாள்?" என்று கேட்டான் ஒரு பையன்.

"அதை நானும் வக்கீலிடம் கேட்கவேண்டும் என்றிருக்கிறேன்" என்றேன்.

ஆசிரியை பையிலிருந்து பேனாவை எடுத்தார். மற்றதையும் சொன்னேன். முதல் வாக்கு, அவள் சாவு, இரண்டாவது வாக்கு. அலங்காரம் எதுவும் இல்லாமல், வகுப்பில் சொல்வதுபோல். ஆறு வருஷம் பாடம் நடத்தியவளின் குரல் எங்கிருந்தோ திரும்ப வந்திருந்தது. குழந்தைகள் அசையாமல் நின்றார்கள். பிறகு ஒருவன் கையைத் தூக்கிக் கழிப்பறை எங்கே இருந்தது என்று கேட்டான். திரும்பிப் பார்த்தபோது வாசலில் கொள்ளுப்பேத்தி இல்லை.

வீட்டுக்கு வந்த மகளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"யூ வேர் ஓகே" என்றாள். கொஞ்சம் யோசித்து, "பட் யூ ஸே வோட் வித் எ டபிள்யூ, அம்மா. வோட், வோட்னு ரெண்டு தடவ சொல்லிப் பாரு" என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. கடைசிப் பாதி தமிழில் வந்ததை மட்டும் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

சம்பளம் இல்லாதவளை வேலையைவிட்டு நீக்குவது எப்படி என்று கமிட்டிக்குத் தெரியவில்லை. அதனால் கௌரவமாக ஒரு கடிதம் அனுப்பினார்கள். என் சேவைக்கு நன்றி, நான் களைத்திருப்பேன், கொஞ்ச காலம் ஓய்வெடுத்துக்கொள்ளலாம். ஓய்வு! இந்த நாட்டில் எல்லோருக்கும் என் உடம்பின் மேல் எவ்வளவு கரிசனம். கணவர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இமிக்ரேஷனுக்குக் காப்பி போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். போடவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு பிற்பகல். கதவு தட்டும் சத்தம். திறந்தால் கொள்ளுப்பேத்தி. இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, முத்துமாலையோடு, கையில் ஒரு பெரிய காக்கி உறை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். வீட்டில் கிளறி வைத்த ரவா உப்புமா இருந்தது. தயக்கத்தோடு கொடுத்தேன். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். மிளகாயை மட்டும் ஒதுக்கி வரிசையாக வைத்தார்.

உறையில் குழந்தைகள் எழுதிய நன்றிக் கடிதங்கள். கூட்டிப்போன இடத்துக்கெல்லாம் எழுதச் சொல்வார்கள். வகுப்பு முழுவதும் எழுதியிருந்தது. பசுமாட்டைப் பற்றி இரண்டு பேர், கழிப்பறையைப் பற்றி ஒருவன். மீதி எல்லாம் அவளைப் பற்றி. அவளுக்குக் குழந்தைகள் இருந்தார்களா? ஞாயிற்றுக்கிழமையாவது லீவு உண்டா? அவள் படம் ஏன் மாட்டவில்லை? ஒருத்தி கணப்பையும் சட்டியையும் வரைந்து, பக்கத்தில் ஒரு பெண்ணை வரைந்து, முகத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். எப்படி இருப்பாள் என்று தெரியாததால் வரையவில்லை, மன்னிக்கவும் என்று கீழே எழுதியிருந்தாள்.

நான் படித்து முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"அந்தக் கடிதத்தைப் பத்தொன்பது வயதிலேயே படித்திருக்கிறேன்" என்றார். "தம்பிக்கு எழுதியது. அது முதல் பெட்டியில் இருந்தது. நான்தான் எடுத்து ஐந்தாவதன் அடியில் வைத்தேன்."

நான் குழந்தைகளின் கடிதங்களைக் கீழே வைத்தேன். "அப்படியானால் ஏன் என்னிடம் டைப் செய்யக் கொடுத்தீர்கள்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கமிட்டி யாரிடமாவது கொடுக்கச் சொன்னது. அவர் கையெழுத்து உங்களுக்குப் புரியாது என்று நினைத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு வருஷமாக என் ஆங்கிலத்தைப் பாராட்டியதன் அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் முகம் சிவந்தது. கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவரும் சிரித்தார். முதல் முறையாக அவர் பல்லைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பால் வந்த தண்ணீர் இல்லை.

"ஐம்பது வருஷத்துக்கு மேல் அது எனக்குத் தெரியும்" என்றார். "ஒவ்வொரு டூரிலும் அந்தச் சமையலறையில் நின்று விசுவாசமான உதவியாளர் என்று சொன்னேன். அந்தத் தாளை எழுதியதே நான்தான்."

நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை. காப்பி வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

என் விசாவையும் அவள் கதையையும் ஒப்பிட்டுப் பார்க்க எனக்கும் ஆசை வந்ததுண்டு. சம்பளமில்லாத வேலை, சார்ந்திருக்கும் பத்திரம் என்றெல்லாம் அடுக்கினால் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கலாம். ஆனால் அது பொய். நான் அந்த வீட்டை விட்டு எந்த நாளும் வெளியே நடந்திருக்கலாம். விமானம் ஏறி ஈரோட்டுக்கே போயிருக்கலாம். அவளுக்குக் கதவு வரைக்கும்தான் உலகம். வக்கீலைப்போல நல்ல வரி கிடைத்தது என்பதற்காக அதை எல்லா இடத்திலும் ஒட்டக்கூடாது என்பதை நான் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

கமிட்டி மூன்று முறை கூடியது. வக்கீலின் இன்னொரு வாரிசு, ஒன்றுவிட்ட உறவு, முன்னோரை அவமதிக்கிறார்கள் என்று விலகிப்போனார். முதல் வாக்கைப் பற்றி எழுதலாம், ஆனால் சின்ன எழுத்தில் என்று ஒருவர் சமரசம் சொன்னார். எவ்வளவு சின்னது என்று ஒரு மாலை முழுக்க விவாதித்தார்கள். கடைசியில் கொள்ளுப்பேத்தி, இரண்டு வாக்கும் ஒரே அளவு எழுத்தில் இருக்கவேண்டும், இல்லையென்றால் படத்தை நான் கழற்றிக்கொண்டு போய்விடுவேன், அது என் வீட்டுச் சொத்து என்றார். படம் போனால் மியூசியத்தில் மிஞ்சுவது இரும்புச் சட்டி மட்டும்தான். தீர்மானம் நிறைவேறியது.

சமையலறையில் ஒரு பலகை வைத்தார்கள். அவள் பெயர், அவள் எப்படி அந்த வீட்டில் இருந்தாள், எந்தக் குளிர்காலத்தில் இறந்தாள், கல்லறை எங்கே என்று தெரியாது. நாலே வரி. நான்தான் எழுதினேன், கொள்ளுப்பேத்தி இரண்டு கமா போட்டார்.

பலகை வைத்த ஞாயிற்றுக்கிழமை டூரை அவரே எடுத்தார். நான் பின்னால் நின்றேன். கணவரும் வந்திருந்தார், யாராவது அரசாங்க ஆள் வந்திருக்கிறாரா என்று கண்ணால் அளந்துகொண்டே. கூடத்தில் படத்துக்கு முன்னால் கொள்ளுப்பேத்தி நின்று, என் கொள்ளுத்தாத்தா என்று ஆரம்பித்தார். எப்போதும் அவரை ஐயா, செனட்டர் என்று பட்டம் போட்டுத்தான் சொல்வார். முதலில் எதிர்த்து வாக்களித்தார் என்று சொல்லும் இடத்தில் குரல் நின்றது. தண்ணீர் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. திரும்ப முதலிலிருந்து அந்த வாக்கியத்தைச் சொன்னார், இந்த முறை கடைசிவரை.

அடுத்த கோடையில் கணவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்து நாங்கள் அங்கே ஆலன் என்ற ஊருக்குக் குடிபோனோம். எங்கள் தெருவில் எல்லா வீடும் புதுசு. பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. சரித்திரம் படித்தவளுக்கு இதைவிட நிம்மதியான இடம் கிடைக்காது என்றார் கணவர். இரண்டாம் வாரமே நான் கார் எடுத்துக்கொண்டு, அந்த மாவட்டத்தின் பழைய கோர்ட்டுக் கட்டுகள் எங்கே இருக்கின்றன என்று விசாரிக்கப் போனேன்.